முதல் ‘போதும்’

இந்த விழாவுக்குத் தலைமை தாங்க வந்து, என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டிருக்கும் எங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அய்யா அவர்களே. முன்வரிசையை முந்தி வந்து பிடித்திருக்கும் மூத்தோரே. பிள்ளையை மடியிலும் பொறுமையை முகத்திலும் வைத்திருக்கும் தாய்மாரே. வார்டில் கண் விழித்துவிட்டு இங்கே வந்து கண் அயரும் செவிலியர் தங்கைகளே. அடுப்பில் பால் இருப்பதால் உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் வாசற்படியில் நிற்கும் என் சமையற்கட்டுச் சொந்தங்களே. முழு நாற்காலி கொடுத்தும் அதில் பாதியில் மட்டும் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் எங்கள் டீச்சரம்மாவே. உங்கள் அனைவருக்கும், கரண்டி பிடித்த கையைக் கழுவித் துடைத்துக் கூப்புகிறேன். வணக்கம்.

என்ன அண்ணே, பின்னால் கேட்கவில்லையா? கேன்டீனில் நான் ‘அடுத்தது யாரு’ என்று கூப்பிட்டால் மேல்மாடி நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார் என்று இதே அய்யாவிடம் எத்தனை புகார் போயிருக்கிறது. இன்று கையில் மைக்கையும் கொடுத்துவிட்டுக் கேட்கவில்லை என்றால், கோளாறு என் தொண்டையில் இல்லை. உங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறாரே, அவரிடம் இருக்கிறது. ஆம், நீங்கள்தான். நன்றி.

என்னைத் தெரியாதவர் இங்கே குறைவு. இந்த மருத்துவமனையின் கேன்டீனில் பரிமாறுகிறவள் நான். பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பதில் எனக்கும் என் அம்மாவுக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. ஐந்தாம் வகுப்பில் எழுந்து வந்தவள், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் மறுபடியும் போய் உட்கார்ந்தேன். எதற்கு? கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்வதற்கு. அறிவுத் தாகம் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப மாட்டீர்கள், என்னை உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் மின்விசிறி ஓடியது. சமையற்கட்டில் ஓடவில்லை. அதுதான் காரணம்.

கற்றோரும் மற்றோரும் கலந்திருக்கும் இந்த அவையில் நான் இன்று ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். இந்த வகுப்பின் இரண்டாவது அணி இன்று தொடங்குகிறது. அதோ, கடைசி வரிசையில் புதுச் சட்டையும் பழைய பயமுமாக உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான். ஆனால் இந்த விழா நடந்திருக்கவே கூடாது. அந்த அறையில் இந்நேரம் உருளைக்கிழங்கு மூட்டை இருந்திருக்க வேண்டும். நம் டீச்சரம்மா ஊரை விட்டே போயிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை? அதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன், அய்யா கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாலும் சரி.

தொடக்கத்தில் இருந்து வருகிறேன். கேன்டீனுக்குப் பின்னால் மூட்டை அடுக்கும் அறை. அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய கணினிகள் அங்கே முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு கிடந்தன. கணினிப் பிரிவுக்குத் தற்காலிக வேலையாக ஒரு பெண் வந்தார். குருவி உடம்பு, கிசுகிசுக் குரல். பகல் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவே நாங்கள் சும்மா உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதைப் பார்த்தார். நேராக அய்யாவிடம் போய், “அவங்களுக்கு நான் பைதான் சொல்லித் தரட்டுமா சார்?” என்று கேட்டார்.

அய்யா என்ன சொன்னார்? மறுத்தாரா? இல்லை. மகிழ்ந்தாரா? அதுவும் இல்லை. “பருவம் முடியறப்ப நானே வந்து பாப்பேன். அவங்க எழுதினது ஓடுச்சுன்னா வகுப்பும் ஓடும், உங்க வேலையையும் நிரந்தரம் ஆக்கச் சொல்லி எழுதறேன். ஓடலேன்னா மூட்டை திரும்ப உள்ள வந்துடும்” என்றார். அப்படியென்றால் எங்கள் விரல் நுனியில் ஒரு பெண்ணின் வேலை தொங்கியது. எங்கள் விரல்களோ, சூடான பாத்திரத்தை வெறுங்கையில் தூக்கித் தூக்கிக் கட்டையானவை.

வகுப்பு தொடங்கியது. பைதான் என்பது நிரல் எழுதும் மொழி. அந்தப் பெயரைக் கேட்டதும் ரொட்டி போடும் எங்கள் தங்கச்சி, “அது மலைப்பாம்பு பேராச்சே” என்று அன்று முழுக்கக் கதவோரமாகவே உட்கார்ந்தாள். டீச்சரம்மா விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் எழுதி ஒட்டி வைத்திருந்தார். முதல் பயிற்சி, பிரிண்ட். நாம் எழுதிக் கொடுப்பதைக் கணினி திருப்பிச் சொல்லும்.

எங்கள் கூட்டத்தில் பாத்திரம் கழுவும் அண்ணன் ஒருவர் உண்டு. சத்தம் என்று பட்டப்பெயர். அவர் வாய் பேசாது, அவர் கழுவும் பாத்திரம்தான் பேசும். அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறாரே, அவர்தான். ஒளிய வேண்டாம் அண்ணே, தூண் உங்களைவிட ஒல்லி.

அவர் கேட்டார், “எது வேணா எழுதலாங்களா?”

“எது வேணா எழுதலாண்ணே.”

“அப்படியே சொல்லுமா?”

“மேற்கோள் குறிக்குள்ள போட்டீங்கன்னா அப்படியே சொல்லும்.”

ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். திரை சிவந்தது. பின்னால் போட வேண்டிய மேற்கோள் குறியை விட்டிருந்தார். போட்டார். திரையில் வந்தது, ‘தட்டு கழுவியாச்சு’. உலகத்தில் எத்தனை சொல் இருக்கிறது. அவருக்குத் தோன்றியது அது. எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். அந்த அண்ணியார் குனிந்து படித்துவிட்டுக் கேட்டார், “வீட்டுல கெடக்கற தட்டு?”

சிரியுங்கள், சிரியுங்கள். அண்ணியாரும் இங்கேதான் இருக்கிறார், பார்த்துச் சிரியுங்கள்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை, புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு. நீங்கள் எழுதுவீர்கள், கணினி சிவப்பில் திட்டும். பயப்படாதீர்கள். நாம் வாங்காத திட்டா? வீட்டில் வாங்கியிருக்கிறோம், வேலையில் வாங்கியிருக்கிறோம், வரிசையில் நிற்கிற முகம் தெரியாத ஆளிடமும் வாங்கியிருக்கிறோம். ஆனால் இப்படி நாகரிகமாகத் திட்டுகிற ஒருவரை நான் கண்டதில்லை. எந்த வரியில் தப்பு என்று சொல்லும். என்ன தப்பு என்று சொல்லும். அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். போன வாரம் செய்ததைக் கிளறாது. உன் அம்மாவை இழுக்காது. பக்கத்து வீட்டுக்காரியைப் பார் என்று சொல்லாது. திருத்தி எழுதினால், தப்பே நடக்காத மாதிரி ஓடும். மனிதருக்கு வராத மறதி அது, மதிக்க வேண்டிய மறதி.

அப்படியே படிப்படியாக ஏறினோம். இரண்டு எண்ணைக் கூட்டினோம். ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்று எழுதினோம். பிறகு வந்தது சுற்று. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் வரி. திரும்பத் திரும்பச் செய்வதை எங்களுக்கா சொல்லித் தர வேண்டும்? எங்கள் பிழைப்பே அதுதானே. டீச்சரம்மா எங்கள் கையில் இருக்கும் வேலையையே எடுத்துப் பயிற்சி ஆக்கினார். “சாப்பிடறவர் ‘போதும்’னு சொல்ற வரைக்கும் ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா’ன்னு கம்ப்யூட்டர் கேக்கணும். போதும்னா நிறுத்திடணும். இவ்வளவுதான்.”

நான் முந்திக்கொண்டு எழுதினேன். ஓட்டினேன். ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா’ என்று கேட்டது. ‘வையுங்க’ என்று அடித்தேன். அடுத்த நொடி திரை முழுக்க ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா’ என்று மேலிருந்து கீழ்வரை மழை. நான் ‘போதும்’ என்று அடிக்கிறேன், அது கேட்கவே இல்லை. எழுந்து நின்று “போதும்டி” என்று வாயாலும் சொல்லிப் பார்த்தேன். ரொட்டித் தங்கச்சி சொன்னாள், “அப்படியே நம்ம அக்காதான். வாய மூடாது.”

டீச்சரம்மா வந்து இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தி அதை அடக்கினார். பிறகு என் எழுத்தைக் காட்டினார். “பாருங்கக்கா, கேக்கற வரியச் சுத்துக்குள்ள வெச்சிருக்கீங்க. பதில் வாங்கற வரிய வெளிய வெச்சிட்டீங்க. ஒரே ஒரு தடவ பதில் வாங்குது, அப்புறம் வாங்கவே இல்ல.”

அன்பர்களே, அவையோரே, இதைக் கேட்டு நான் வாயடைத்து நின்றேன். வாயை உள்ளே விட்டுவிட்டுக் காதை வெளியே வைத்துவிட்டேன். நான் மட்டுமா? கூட்டம் போட்டுப் பேசுகிற பெரிய மனிதர் எத்தனை பேர் காதை வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்? அய்யா, உங்களைச் சொல்லவில்லை. நீங்களே தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

காதை உள்ளே எடுத்து வைத்தேன். நிரல் சரியாக ஓடியது. ‘போதும்’ என்றால் நின்றது. அதோடு விட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

அன்று டீ கொடுத்து முடித்துப் பாத்திரம் ஒதுக்கும்போது ரொட்டித் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாள். “ஏக்கா, மொத தடவ போதும்னதும் அது நிறுத்திடுதே. நம்ம அப்படி நிறுத்துவமா?”

நிறுத்த மாட்டோம். பரிமாறிப் பழகிய கை எதுவும் நிறுத்தாது. ஒரு மருத்துவமனைக் கேன்டீனில் யார் வந்து உட்காருகிறார்கள்? உள்ளே ஒருவரைப் படுக்க வைத்துவிட்டு வருகிறவர்கள். ஒருநாள் ஒருவர் வந்தார். மனைவி அறுவைச் சிகிச்சை அறையில். ஒரு கரண்டிதான் வைத்தேன், கையைத் தட்டுக்குக் குறுக்கே வைத்து “போதும்மா” என்றார். பசி இல்லாமலா? இல்லை. அவள் அங்கே அப்படிக் கிடக்கும்போது நான் இங்கே சாப்பிடுவதா என்கிற கூச்சம். நான் குரலைத் தாழ்த்தி, “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?” என்றேன். கையைப் பார்த்தார், அது யாருடைய கையோ என்பது போல. எடுத்துவிட்டார். வைத்தேன். சாப்பிட்டார். அவராகவே தட்டை நீட்டினார்.

எங்கள் சமையல் மாஸ்டர் புதிதாய் வரும் ஆளுக்கு முதலில் சொல்வதே இதைத்தான். “மொத போதும் கூச்சத்துல வரும். ரெண்டாவது போதும் வயித்துல இருந்து வரும். மொதலுக்கு இன்னொரு தடவ கேளு. ரெண்டாவதுக்குக் கைய எடு.”

அப்படியென்றால் எங்கள் நிரல் மட்டும் எப்படி முதல் ‘போதும்’க்கே ஓடிப்போகலாம்? பாத்திரம் ஒதுக்கிக்கொண்டே பேசி முடிவு செய்தோம். எண்ணிக்கை என்று ஒரு பெயர் வைத்தோம். அது பூஜ்யத்தில் தொடங்கும். ‘போதும்’ வந்தால் ஒன்று கூடும். இரண்டைத் தொட்டால் சுற்று நிற்கும். சத்தம் அண்ணன் உட்பட எல்லோரும் அவரவர் கணினியில் எழுதினோம். டீச்சரம்மாவிடம் சொல்லவில்லை. ஆய்வு நாளன்று அவர் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை. எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது கொடுக்க?

அந்த நாளும் வந்தது. அய்யா வந்தார். முதல் கணினிமுன் உட்கார்ந்தார். ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா’ என்று கேட்டது. ‘போதும்’ என்று அடித்தார். ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா’ என்று மறுபடியும் கேட்டது. அய்யா புருவத்தைத் தூக்கினார். அடுத்த கணினி. ‘போதும்’. ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா’. அதற்கடுத்த கணினி. அங்கேயும் அதே. எதிலும் அவர் இரண்டாவது தடவை அடிக்கவில்லை. ஏன் அடிக்கப் போகிறார்? நிற்க வேண்டியது நிற்கவில்லை என்றால் ஓடவில்லை என்றுதானே பொருள்.

எழுந்தார். டீச்சரம்மாவிடம் சொன்னார், “ஒருத்தர் தப்புப் பண்ணினா அது அவங்க தப்பு. எல்லாரும் ஒரே தப்பப் பண்ணினா, சொல்லிக்கொடுத்ததுல தப்பு.” போய்விட்டார். அய்யா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் உரக்கச் சொல்லியிருப்பேன்.

டீச்சரம்மா எங்கள் எழுத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நாங்கள் சுவரோடு சுவராக நின்றோம். திட்டுவார் என்று பார்த்தோம். திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார், “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கேட்டது இது இல்லையேக்கா.” பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கணினிப் பிரிவில் இருந்து ஆள் வந்து சொன்னார். “டீச்சரம்மா ஊருக்குக் கிளம்பறாங்க. ‘எனக்கு இது போதும், என்னால முடியல, அவங்க வேற யாரையாவது பாத்துக்கட்டும்’னு சொல்லச் சொன்னாங்க.”

அன்று சாயங்காலமே முதல் மூட்டை அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தது. மின்விசிறியின் கீழ், என் நாற்காலியில்.

சமையற்கட்டில் மாஸ்டர் பெருமூச்சு விட்டுச் சொன்னார், “விடுங்க. படிச்ச பொண்ணு. அதுவே போதும்னு சொல்லிடுச்சு. இதுக்கு மேல நாம என்ன பண்ண முடியும்?”

அப்போது ஒரு குரல். தொட்டிப் பக்கம் இருந்து. நுரைக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, தலையைக்கூடத் தூக்காமல் சத்தம் அண்ணன் சொன்னார்.

“மொத போதும்தானே.”

என் அருமைத் தாய்மாரே, தோழரே, வாழ்நாள் முழுவதும் அந்த அண்ணன் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் இந்த இரண்டு சொல்லுக்குத்தானோ என்று எனக்குத் தோன்றியது. கரண்டி நின்றது. கத்தி நின்றது. கொதித்த பால் மட்டும் நிற்கவில்லை, பொங்கி வழிந்தது. அதைப் பார்க்க ஆள் இல்லை.

மறுநாள் பகல் சாப்பாடு முடிந்ததும் போனோம். மாடிப்படி ஏறி, அவர் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை. போகும் வழியிலேயே பேசி வைத்துக்கொண்டோம். ஒரு தடவைதான் கேட்பது. அழுவதில்லை, கையைப் பிடித்து இழுப்பதில்லை, உங்களை நம்பித்தானே இருக்கிறோம் என்று பாரத்தைத் தூக்கி அவர் தலையில் வைப்பதில்லை. இரண்டாவது ‘போதும்’ வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். அதுதானே நாங்களே எழுதிய நிரல்?

கதவைத் திறந்தார். கட்டிலின் மேல் பாதி அடுக்கிய பெட்டி. எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. “எதுக்குக்கா எல்லாரும் வந்தீங்க?”

கூட வந்தவர்கள் என்னைத் தள்ளி முன்னால் விட்டார்கள். ஊர் முழுக்கக் கேட்கும் என் குரல் அன்று எங்கே போனதோ. நான் சொன்னேன், “டீச்சரம்மா, நாங்க எழுதினது தப்பா ஓடல. இன்னொரு தடவ போதும்னு அடிச்சிருந்தா நின்னிருக்கும். அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இன்னும் கொஞ்சம் சொல்லித் தரீங்களா?”

பெட்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என் பின்னால் ரொட்டித் தங்கச்சி மூச்சை இழுத்துப் பிடித்திருப்பது என் கழுத்தில் தெரிந்தது. அவர் உதடு பிரிந்தது. அந்தச் சொல் வந்துவிடப் போகிறது என்று நான் ஒரு காலைப் படிப் பக்கம் எடுத்தே வைத்துவிட்டேன்.

டீச்சரம்மா கேட்டார், “அந்த எண்ணிக்கைக்குப் பூஜ்யம் குடுத்தீங்களே, அந்த வரி எங்க இருக்கு? சுத்துக்குள்ளயா, வெளியயா?”

நான் சொன்னேன், “வெளியங்க. உள்ள வெச்சா ஒவ்வொரு சுத்துக்கும் திரும்பப் பூஜ்யமாயிடும், எத்தன போதும் சொன்னாலும் ரெண்டு ஆகாது.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலீங்க. மொதல்ல உள்ளதான் வெச்சோம். நிக்கவே இல்ல. அப்புறம் எடுத்து வெளிய வெச்சோம்.”

டீச்சரம்மா பெட்டியில் இருந்த துணியை அள்ளி அலமாரியில் திணித்தார். காலிப் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டு, “இருங்க, செருப்பு மாட்டிக்கறேன்” என்றார்.

அன்று அந்த மாடிப்படியில் நாங்கள் இறங்கிய சத்தம் இருக்கிறதே, கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்ன ஆச்சு என்று கேட்டார். சுற்று சரியாக நின்றுவிட்டது என்றேன். அவருக்கு இன்னும் புரியவில்லை.

அங்கிருந்து நேராக அய்யாவின் அறைக்கு. டீச்சரம்மா கிசுகிசுக்கவில்லை அன்று. “சார், ஒரு நிமிஷம் வந்து இன்னொரு தடவ போதும்னு அடிங்க” என்றார். அய்யா வந்தார். மூட்டையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். ‘போதும்’ என்று அடித்தார். ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா’. மறுபடியும் ‘போதும்’. திரையில் வந்தது, ‘சரிங்க. நிம்மதியாச் சாப்பிடுங்க’.

அய்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணத்தைச் சொன்னோம், மாஸ்டர் பாடத்தைச் சொன்னோம். கேட்டுவிட்டு, “எங்க வீட்ல யாரும் எங்கிட்ட ரெண்டாவது தடவ கேக்கறதே இல்ல” என்றார். அய்யா, உங்கள் வீட்டம்மாவும் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள், இதை நான் சொல்லியிருக்கக் கூடாதோ?

ஆனால் அய்யா அதோடு விடவில்லை. “நீங்க நெனச்சது சரி. ஆனா கேட்டது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு. இப்படி மாத்தியிருக்கோம்னு யாருக்கும் சொல்லல. எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். நியாயம்தானே? நூற்றுக்கு நூறு நியாயம். ஆசையில் செய்தாலும் சொல்லாமல் செய்தோம். அதனால்தான் ஒரு பெண்ணின் பெட்டி கட்டில்மேல் ஏறியது.

அப்போது டீச்சரம்மா எங்களுக்கு அந்தப் பருவத்தின் கடைசிப் பாடத்தை, அய்யா எதிரிலேயே சொல்லித் தந்தார். வேலிப்படல் போல ஒரு குறி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு எழுதும் வரியைக் கணினி படிக்காது, தாண்டிப் போய்விடும். “அப்புறம் அத எதுக்கு எழுதறது?” என்றேன். “அடுத்து வந்து படிக்கற மனுஷங்களுக்குக்கா” என்றார்.

கேட்டீர்களா? கணினிக்கென்றே உண்டான மொழியில் மனிதருக்கென்று ஒரு வரியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வரியை எழுதும் வேலை சத்தம் அண்ணனுக்குப் போனது. ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். வேலிக் குறி போட்டு, ‘முதல் போதும் கூச்சம். ஒரு தடவை கூடக் கேள்’. மேற்கோள் குறி தேவையில்லை என்று டீச்சரம்மா சொன்னதில் அவருக்குப் பெரிய நிம்மதி.

மூட்டை வெளியே போனது. வகுப்பு உள்ளே வந்தது. டீச்சரம்மாவின் வேலை நிரந்தரமானது போன வாரம். இந்த மேடையில் அவர் ஏன் இன்னும் பாதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள் டீச்சரம்மா. நாற்காலி உங்களுடையது.

அவையோரே, என் சொந்தங்களே. நான் கேட்கிறேன். எத்தனை ‘போதும்’களை நாம் முதல் தடவையிலேயே நம்பிவிட்டோம்? ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்க சாப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டு அடுப்படியில் நிற்கிறவளை நம்பிவிட்டோம். ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு ஓய்வறையில் சுவரைப் பார்த்து உட்காரும் செவிலித் தங்கையை நம்பிவிட்டோம். ‘படிப்பு எனக்கு ஏறாது, போதும்’ என்று எழுந்து வந்த பிள்ளையை நம்பிவிட்டோம். ஏன், அந்த ஐந்தாம் வகுப்பில், என்னையும்தான் நம்பிவிட்டார்கள். நம்புவது எளிது. நம்பினால் நம் வேலை முடிந்தது, கரண்டியைக் கழுவி வைத்துவிடலாம். இன்னொரு தடவை கேட்பதுதான் கடினம். கேட்டால் நிற்க வேண்டும், நின்றால் காது கொடுக்க வேண்டும், காது கொடுத்தால் அவர் சொல்வதை மதிக்க வேண்டும்.

அதையும் மறந்துவிடாதீர்கள். கேட்டுக்கொண்டே இருப்பது அன்பு அல்ல. நான் எழுதிய முதல் நிரல் போலத் திரை முழுக்க மழையாகப் பொழிவது அன்பு அல்ல, அது தொல்லை. இன்னொரு தடவை கேளுங்கள். காதை உள்ளே வைத்துக் கேளுங்கள். இரண்டாவது ‘போதும்’ வந்தால், கையை எடுத்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லி நகருங்கள்.

கடைசி வரிசைப் புதியவர்களே, உங்களுக்குத்தான். நாளை வகுப்பில் திரை சிவக்கும். உங்கள் வாயில் அந்தச் சொல் வரும். சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். நீங்கள் சொன்னதை உடனே நம்ப மாட்டேன். அவ்வளவுதான் நான் தரும் வாக்கு.

தலைமை தாங்கிய அய்யாவுக்கும், பொறுமை தாங்கிய தாய்மாருக்கும், திரும்பி வந்த டீச்சரம்மாவுக்கும், இரண்டு சொல்லால் எங்களைத் தூக்கி நிறுத்திய சத்தம் அண்ணனுக்கும், வாசற்படியில் நின்றபடியே கால் மாற்றி மாற்றிக் கேட்ட சமையற்கட்டுக்கும் என் மனம் நிறைந்த நன்றி. பால் என்ன ஆயிற்று என்று யாராவது போய்ப் பாருங்கள்.

இன்னும் கொஞ்சம் பேசட்டுமா?

யார் அது, ‘போதும்’ என்றது? ரொட்டித் தங்கச்சியா? நல்லது. அது முதல் போதும். கூச்சத்தில் சொல்கிறாள், எனக்குத் தெரியும். அதனால் முறைப்படி இன்னொரு தடவை கேட்கிறேன். அன்பர்களே, இன்னும் கொஞ்சம் பேசட்டுமா?

இரண்டாவது ‘போதும்’ அய்யாவே சொல்லிவிட்டார்.

சரிங்க. எல்லோரும் நிம்மதியாக இருங்கள். வணக்கம்.